லக்சர் முழு சூரிய கிரகணப் பயணம்: திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, எகிப்தில் லக்சர் என்கிற ஊரில் முழு சூரிய கிரகணம். அதைப் பார்க்க நாகர்கோவிலிலிருந்து நாங்கள் இருபத்திச் சொச்சம் பேர் போகிறோம். நான் முப்பது வருஷம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். இந்தக் குழுவில் என் வேலை பாஸ்போர்ட் நகல் வாங்கி வைப்பதும் ஃபோன் எடுப்பதும்தான். சந்தையில் மீன் வாங்கும்போது, கல்யாண வீட்டுப் பந்தியில், பஸ்ஸில் என்று எங்கே பார்த்தாலும் ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள், எனக்கும் வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

முழு கிரகணம் நாமதான் 2010-லயே கன்னியாகுமரியில பார்த்தாச்சே டீச்சர், திரும்ப எதுக்கு?

நாம் பார்த்தது முழு கிரகணம் இல்லை. அது வளைய கிரகணம். 2010 ஜனவரி 15, தை அமாவாசை. முக்கடலில் முன்னோருக்குப் பலி (தர்ப்பணம்) போட வந்த கூட்டம் ஒரு பக்கம், கிரகணம் பார்க்க வந்த கூட்டம் இன்னொரு பக்கம். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் நிலா சூரியனுக்கு நடுவில் வந்து நின்றது, ஆனால் முழுசாக மூடவில்லை. சுற்றிலும் வளையல் மாதிரி ஒரு விளிம்பு மிச்சம் இருந்தது. குமரியில் அது கிட்டத்தட்ட பத்து நிமிடம் நின்றது. எங்கள் வீட்டு மாமரத்தடியில் இலைச் சந்து வழியாக விழும் வெளிச்சப் பொட்டுகள் அத்தனையும் சிமெண்ட் தரையில் குட்டிக் குட்டி வளையங்களாகக் கிடந்தன. வேலைக்கு வரும் அக்கா துடைப்பத்தால் ஒன்றைத் தள்ளிக்கூடப் பார்த்தார்.

அன்றைக்கு நிலா நமக்குத் தூரத்தில் இருந்தது, ஜனவரி என்பதால் பூமியோ சூரியனுக்குச் சற்றுக் கிட்டத்தில். பெரிய பானைக்குச் சின்ன மூடி போட்ட கதை. 2027-ல் நேர்மாறு. ஜூலை, ஆகஸ்டில் சூரியன் நமக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும், அன்று நிலா மிகக் கிட்டத்தில் வரும். மூடி பானையைவிடப் பெரிசு. அதனால் முழுசாக மூடும், நிறைய நேரமும் மூடியிருக்கும்.

99 சதவீதம் மறைஞ்சா போதாதா? மிச்ச ஒரு சதவீதத்துக்கா இம்புட்டு துட்டு?

ஆமாம், அந்த ஒரு சதவீதத்துக்குத்தான். சூரியனைச் சுற்றி எப்போதுமே கரோனா என்று ஒரு வெள்ளை ஒளிவட்டம் இருக்கிறது. அதன் மொத்த வெளிச்சம் சூரியனின் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஒரு பௌர்ணமி நிலா அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் ஒரே ஒரு சதவீதம் வெளியே தெரிந்தாலும் அது கரோனாவைவிடப் பத்தாயிரம் மடங்கு வெளிச்சம். அப்புறம் எங்கே கரோனா தெரியப்போகிறது! 99 சதவீத ஊரில் இருப்பவருக்கு வெயில் மங்கின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கல்யாண மண்டபத்து வாசல் வரை போய்விட்டு, தாலி கட்டியதைப் பார்க்காமல் திரும்புகிற மாதிரி.

இதைப் புத்தகத்தில் படித்துப் பிள்ளைகளுக்கு நானே பல வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 2016-ல் இந்தோனேசியாவில் நேரில் பார்க்கும்வரை எனக்கே அது புரிந்திருக்கவில்லை.

ஏன் அவ்வளவு தூரம் எகிப்துக்கு? இந்தியாவிலயே வராதா?

வரும். 2034 மார்ச் 20 அன்று கார்கில் பக்கம் முழு கிரகணம் உண்டு. மலை, குளிர், மார்ச் மாத மேகம் எல்லாம் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் 2031 மே 21-ல் மதுரை, தேனி பக்கம் ஒன்று தெரியும், ஆனால் அதுவும் வளையம்தான். முழு கிரகணம் எங்கேயோ ஓர் இடத்தில் ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை நடந்துகொண்டுதான் இருக்கிறது. நிழல் விழும் பாதை ஒல்லியானது, அது நம் வீட்டுக்கு மேலேயே வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் ஒரு ஆயுசு போதாது.

2027-ல் நிழல் ஸ்பெயினின் தென்முனை, மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து, சவூதி, ஏமன், சோமாலியா வழியாகப் போய் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது. ஜித்தாவும் மக்காவும்கூட அந்தப் பாதையில் இருக்கின்றன. இதில் நேரம் அதிகம் கிடைப்பது லக்சர் பக்கத்தில். நிழலின் அகலம் அங்கே ஏறக்குறைய 258 கிலோமீட்டர், அதாவது நாகர்கோவிலிலிருந்து மதுரையைத் தாண்டும் தூரம். ஸ்பெயினுக்குப் போகலாமே என்று ஒருவர் கேட்டார். தென்முனையில் நாலரை நிமிடத்துக்குச் சற்று மேல் கிடைக்கும், லக்சரில் ஆறு நிமிடத்துக்கு மேல். அதனால் எகிப்து.

இன்னொன்று. 1868-ல் ஜூல் ஜான்சென் என்கிற பிரெஞ்சுக்காரர் கப்பலேறி நம் நாட்டுக் குண்டூருக்கு வந்து கிரகணம் பார்த்தார். ஹீலியம் என்ற தனிமத்தின் கதை அந்தக் கிரகணத்தில்தான் தொடங்கியது. 1871-ல் இன்னொரு முழு கிரகணத்துக்கு நீலகிரிக்கே வந்தார். அவர்கள் அங்கிருந்து இங்கே வந்தார்கள், நாம் இப்போது இங்கிருந்து அங்கே போகிறோம்.

வெறும் ஆறு நிமிஷம்! அதுல என்னத்த பார்க்கப் போறோம்?

உச்சம் 6 நிமிடம் 23 விநாடி, லக்சரில் அதைவிட ஒரு சில விநாடிதான் குறையும். இதைவிட நீளமான முழு கிரகணம் இனி 2114-ல்தான். இந்தோனேசியாவில் எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். அதிலேயே நான் பட்ட பாட்டைச் சொன்னால் ஆறு நிமிடம் எவ்வளவு பெரிசு என்று தெரியும்.

சுலாவெசித் தீவில் பாலு என்ற ஊர், காலை எட்டரை தாண்டிய நேரம். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே பெரிதாக இல்லை, கண்ணாடி போட்டுப் பார்த்தால் கடித்த அப்பளம் மாதிரி சூரியன், கழற்றினால் சாதாரண வெயில். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் வெளிச்சத்தின் நிறமே மாறியது, வெயிலில் மஞ்சள் போய் ஒரு சாம்பல் வந்துவிட்டது. என் கையின் நிழலைப் பார்த்தேன், மயிர்க்கால் வரை கூர்மையாக விழுந்திருந்தது. காற்று சில்லென்று ஆனது. பிறகு ஒரே ஒரு புள்ளியில் வைரம் பதித்த மோதிரம் மாதிரி மின்னல், அது அணைந்த நொடியில் நடு வானத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை, சுற்றிலும் வெள்ளை இதழ்கள். அடிவானத்தில் நாலா பக்கமும் சாயங்காலச் சிவப்பு. பக்கத்தில் நின்ற அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் மொழியில் ஏதோ சொன்னார், நான் என் மொழியில் ஏதோ சொன்னேன், முடிந்துவிட்டது. அழுதேனா என்று கேட்காதீர்கள்.

லக்சரில் இவை தவிர, கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் செக்கச் செவேல் என்று தீ நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேட நேரம் கிடைக்கும். சூரியனுக்குப் பக்கத்திலேயே வெள்ளி தெரியும், பட்டப்பகலில்.

அமாவாசைக்கு அமாவாசை நிலா குறுக்க வருதுதானே, மாசாமாசம் ஏன் கிரகணம் வரல?

நிலா சுற்றும் பாதை பூமியின் பாதைக்கு ஐந்து டிகிரி சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான அமாவாசைகளில் நிலா சூரியனுக்கு மேலேயோ கீழேயோ ஒதுங்கிப் போய்விடும். இரண்டு பாதையும் வெட்டிக்கொள்ளும் இடம் இரண்டு உண்டு, அந்தப் புள்ளிக்குக் கிட்டத்தில் அமாவாசை வந்தால்தான் கிரகணம். அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நம் பஞ்சாங்கம் எப்போதோ பெயர் வைத்துவிட்டது: ராகு, கேது. பாம்பு விழுங்குகிறது என்று ஆச்சி சொன்னதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், கணக்கு உள்ளே சரியாகத்தான் இருக்கிறது.

செலவு எத்தற ஆகும்? ரவுண்டா ஒரு தொகை சொல்லுங்க.

ரவுண்டாகச் சொன்னால் பிறகு அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவீர்கள். விமான கம்பெனிகள் பயணத் தேதிக்குப் பதினோரு மாதம் முன்னால்தான் டிக்கெட்டை விற்பனைக்குத் திறக்கும். கிரகண நாளில் லக்சர் ஹோட்டல் வாடகையோ சாதாரண ஆகஸ்ட் வாடகையைப் போல் பல மடங்கு. ஆகவே தொகை எழுத்தில் வரும்போது அதில் எது சேர்ந்தது, எது சேராதது என்று பார்ப்பதுதான் முக்கியம். எங்கள் தொகையில் திருவனந்தபுரத்திலிருந்து போகவர டிக்கெட், விசா, தங்குமிடம், காலை இரவுச் சாப்பாடு, உள்ளூர் வழிகாட்டி, காப்பீடு, கிரகணக் கண்ணாடி உண்டு. மத்தியானச் சாப்பாடும், வழிகாட்டிக்கும் டிரைவருக்கும் கொடுக்கும் அன்பளிப்பும் உங்கள் கையிலிருந்து. அங்கே அதற்கு பக்ஷீஷ் என்று பெயர், கதவு திறந்து விட்டவரும் எதிர்பார்ப்பார், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் கட்டும் பணத்தில் டி.சி.எஸ். என்று ஒரு வரி பிடிப்பார்கள். அது போன பணம் இல்லை, வருமான வரிக் கணக்கு கொடுக்கும்போது கழித்துக்கொள்ளலாம். ரசீதைத் தொலைக்காதீர்கள். எனக்கு யாரும் கையில் ரொக்கம் தர வேண்டாம். மீன் கடையில் நின்று இரண்டாயிரம் நீட்டியவர் ஒருவர் உண்டு, அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாஸ்போர்ட்டே எடுக்கல. இனிமே எடுத்தா போதுமா?

இப்போதே எடுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் வேறொரு இனிஷியல் என்று நம் மாவட்டத்தில் பாதிப் பேருக்கு இருக்கிறது, அதைச் சரிபண்ணத்தான் நாள் போகும். பாஸ்போர்ட் இருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள். திரும்பி வந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், ஆகவே 2028 பிப்ரவரிக்கு முன்னால் முடிகிறதென்றால் புதுப்பித்துவிடுங்கள். விசாவை எல்லோருக்கும் சேர்த்து நாங்கள் எடுக்கிறோம், தனித்தனியாக ஓட வேண்டாம்.

எந்த வழியா போறது? பிரமிடெல்லாம் பார்ப்போமா?

ஜூலை 29 கிளம்பல். திருவனந்தபுரத்தில் ஏறி, வளைகுடாவில் ஒரு விமானம் மாறி, கெய்ரோ. அங்கே இரண்டு நாள், பிரமிடு பார்க்கலாம். பிறகு உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரத்தில் லக்சர். ரயிலும் உண்டு, பத்து மணி நேரம் ஆகும், முட்டிவலிக்காரர்களை நினைத்து விமானமே போட்டோம். கிரகணத்துக்கு முந்தின இரண்டு இரவும் லக்சரில்தான். கர்னாக் கோயிலும் நைலுக்கு மேற்கே அரசர்களின் பள்ளத்தாக்கும் பார்ப்போம், விடியற்காலையில் போய்ப் பத்து மணிக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன். பிரமிடுக்காக வருபவர்கள் வேறு மாதத்தில் வேறு குழுவில் போவது நல்லது, குளிர்காலத்தில் செலவும் வெயிலும் குறைவு. கெய்ரோ கிரகணப் பாதைக்கு வெளியே இருக்கிறது. விமானம் தாமதமாகி லக்சர் போய்ச் சேர முடியாது என்கிற நிலை வந்தால் நாங்கள் பிரமிடைத்தான் வெட்டுவோம், கிரகணத்தை இல்லை.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் 2016. அப்போது எங்களை அனுப்பிய ஏஜென்ட் கிரகணம் முடிந்த அன்றே பாலித் தீவு வழியாகத் திரும்ப டிக்கெட் போட்டிருந்தார். மார்ச் 9 பாலியில் நியெபி, ஊரே வாய் மூடி இருக்கும் நாள், விமான நிலையத்தையே ஒரு நாள் மூடிவிடுவார்கள். பாலுவா பாலியா என்று அவருக்கே கடைசிவரை குழப்பம். கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்னால் தெரிந்து, எல்லா டிக்கெட்டையும் மாற்றி, அதற்கு ஆன பணத்தை நாங்களே பங்கு போட்டுக் கட்டினோம்.

மேகம் மூடிட்டா துட்டு திரும்பத் தருவீங்களா?

மாட்டோம். மேகத்துக்குக் காப்பீடும் கிடையாது.

என் சொந்த அனுபவம் இருக்கிறது. 2009 ஜூலை 22, பீகாரில் பாட்னா பக்கம் தாரேக்னா என்ற ஊர். நாகர்கோவிலிலிருந்து ரயில் மாறி மாறிப் போனோம். ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் உட்கார்ந்து, காலையில் ஆறு மணி தாண்டி இருட்டியது, மூன்றரை நிமிடத்துக்கு மேல் நல்ல இருட்டு, ஆனால் தலைக்கு மேல் மேகம் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதே காலையில் காசியில் படித்துறையில் நின்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. வழி நெடுக ரயிலில் நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. முன்னால் சொன்ன ஜான்சென், 1870-ல் பாரிஸை எதிரிப் படை முற்றுகையிட்டிருந்தபோது பலூனில் ஏறித் தப்பி, அல்ஜீரியா வரை போய், அங்கே மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அவரை நினைத்து நான் ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

2009 நடந்தது பருவமழைக் காலத்தில், கங்கைக் கரையில். லக்சர் பாலைவனம், ஆகஸ்டில் அங்கே மேகம் என்பதே அபூர்வம். உலகம் முழுக்க ஆட்கள் அங்கே குவிவதற்கு நீளம் ஒரு காரணம், வானம் இன்னொரு காரணம்.

எங்க அம்மைக்கு 68 வயசு, சுகர் உண்டு. அந்த வெயில்ல தாங்குவாளா?

அம்மையிடமும் டாக்டரிடமும் கேளுங்கள், என்னிடம் கேட்டால் நான் வரச் சொல்லிவிடுவேன். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். நம் ஊர்ப் புழுக்கம் இருக்காது, காய்ந்த வெயில், வியர்வை வருவதும் தெரியாது காய்வதும் தெரியாது, அதுதான் ஆபத்து. தாகம் எடுக்கக் காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆளுக்குப் பத்து கொண்டு வாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் அதைப் பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் ஏற்றாதீர்கள், கைப்பையில் டாக்டர் சீட்டோடு வையுங்கள்.

முழு மறைவு அங்கத்திய நேரம் மத்தியானம் ஒரு மணியைத் தாண்டிச் சில நிமிடத்தில், நம் ஊரில் அப்போது மூன்றரை. சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே இருக்கும், 82 டிகிரி. நின்றுகொண்டு பார்த்தால் கழுத்து போய்விடும். ஆகவே படுத்துப் பார்க்கப் போகிறோம்! ஆளுக்கொரு பாய், மடக்குகிற மாதிரி சின்னதாக. ஹோட்டல் தோட்டத்தில் நிழல் உள்ள இடம் பேசியிருக்கிறோம், அதற்கு முந்தின ஒன்றரை மணி நேரமும் நிழலில் உட்கார்ந்து அவ்வப்போது எட்டிப் பார்த்தால் போதும். கழிப்பறைக்குப் பன்னிரண்டரைக்குள் போய்விட்டு வாருங்கள்.

சாப்பாடு சரிப்படுமா?

படும். கோஷரி என்று ஒன்று தெருவெல்லாம் கிடைக்கும்: சோறு, மைசூர்ப் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாம் ஒரே தட்டில், மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும். சைவம்தான், வயிறு நிறையும். அவரையை அரைத்துச் சுடும் வடையும் உண்டு, நம் பருப்பு வடைக்குச் சித்தப்பா மகன் மாதிரி. மீன் குழம்பும் மரச்சீனியும் இல்லாமல் எட்டு நாள் ஓட்ட முடியாதவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. ஏத்தங்காய் வத்தலும் ஊறுகாயும் கொண்டு வாருங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், பாட்டில் மட்டும்.

அன்னைக்கு ஆடி அமாவாசையாச்சே! அப்பாவுக்குப் பலி போடணும், எப்படி வர?

சரியான கேள்வி. தை அமாவாசையில் வளையம் வந்தது, ஆடி அமாவாசையில் இது வருகிறது, நம் ஊருக்கென்றே தேதி பார்த்து வைத்த மாதிரி. அண்ணன் தம்பி யாராவது ஊரில் இருந்தால் அவர் முக்கடலில் போடட்டும். நான்தான் போடணும் என்பவர்கள் எங்களில் மூன்று பேர் இருக்கிறார்கள், எள்ளும் தர்ப்பையும் கொண்டு வருகிறார்கள், காலையில் அறையிலேயே முடித்துக்கொள்வதாக ஏற்பாடு. நைலில் முங்கிக் குளிக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம். அந்தத் தண்ணீரில் நத்தை வழியாகப் பரவும் ஒரு ஒட்டுண்ணிப் புழு உண்டு, தோல் வழியாகவே உள்ளே போய்விடும். கரையில் நின்று கும்பிட்டுக்கொள்ளுங்கள், அதுவும் பெரிய ஆறுதான்.

தக்கலையிலிருந்து வரும் குடும்பம் கிரகணத் தொழுகைக்கு இடம் உண்டா என்று கேட்டார்கள். பள்ளிவாசல் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. முழு மறைவு நேரத்துக்குத் தோட்டத்துக்கு வந்துவிடுவதா அங்கேயே இருப்பதா என்பது அவர்கள் முடிவு.

கிரகணத்தைப் பார்த்தா தோஷம்னு சொல்றாங்களே? எங்க மருமக மாசமா இருக்கா, வரலாமா?

மாசமாக இருப்பவர் நாற்பது டிகிரி வெயிலில் எட்டு நாள் அலைவது எனக்குச் சரியாகப் படவில்லை. காரணம் வெயிலும் விமானமும்தான், கிரகணம் இல்லை. நிலாவின் நிழலுக்கு வயிற்றில் இருக்கும் பிள்ளையைத் தெரியாது. வீட்டில் இருக்கும் மருமகளையும் அன்று சாயங்காலம் சாப்பிடாதே, கத்தியைத் தொடாதே என்று பட்டினி போடாதீர்கள்.

தோஷ நம்பிக்கை உள்ளவர்களைத் திருத்த நான் வரவில்லை. கிரகண நேரத்தில் கோயில் நடை சாத்துகிறார்கள், முடிந்ததும் கழுவித் திறக்கிறார்கள், நீங்களும் முடிந்ததும் ஒரு குளியல் போட்டுக்கொள்ளுங்கள், அந்த வெயிலுக்கு நல்லதும்கூட. உலக்கை மட்டும் கிரகணத்தில்தான் செங்குத்தாக நிற்கும் என்று சொல்லி வீடியோ அனுப்பாதீர்கள். அடி தட்டையான உலக்கை பொறுமையாக நிறுத்தினால் எந்தச் செவ்வாய்க்கிழமையும் நிற்கும், வகுப்பில் நிறுத்திக் காட்டியிருக்கிறேன்.

கண்ணாடி எப்போ போடணும், எப்போ கழட்டணும்? ஒருத்தர் ஒண்ணொண்ணா சொல்றாங்க.

சூரியனின் ஒரு துணுக்கு வெளியே தெரிந்தாலும் கண்ணாடி. துணுக்கும் இல்லாமல் முழுசாக மூடினபின் கழற்ற வேண்டும், கட்டாயமாக, இல்லாவிட்டால் கறுப்பு அட்டைக்குள் ஒன்றுமே தெரியாது. திரும்ப முதல் மின்னல் வந்ததும் மறுபடி கண்ணாடி. நாங்கள் விசில் ஊதுவோம்: ஒரு விசில் கழற்ற, இரண்டு விசில் போட.

ஐ.எஸ்.ஓ. 12312-2 என்று அச்சிட்ட கண்ணாடிதான் சரி. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே படம், சாணி கரைத்த தண்ணீர் எதுவும் ஆகாது. விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் வெந்துபோவது அந்த நேரத்தில் தெரியாது, ராத்திரி பேப்பர் படிக்கும்போது நடு எழுத்து காணாமல் போனபின்தான் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலர் வழியாகப் பார்ப்பதும் கூடாது, லென்சின் முன்பக்கம் தனி வடிகட்டி வேண்டும்.

நல்ல கேமரா வச்சிருக்கேன், போட்டோ எடுக்க டிப்ஸ் கொடுங்க.

எடுக்காதீர்கள். என் வீட்டுக்காரர் பாலுவில் மூன்று கிலோ ஸ்டாண்டும் லென்சும் சுமந்து போய், இரண்டு நிமிடமும் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தார். முன்னால் மாட்டிய வடிகட்டியைக் கழற்ற மறந்துவிட்டார். வீட்டில் இரண்டு நிமிடக் கறுப்பு வீடியோ ஒன்று இருக்கிறது, நாங்கள் கத்துவது மட்டும் கேட்கும்.

கை சும்மா இருக்காது என்பவர்கள் ஃபோனை ஆட்களைப் பார்க்கிற மாதிரி ஒரு செங்கல்லில் சாய்த்து, வீடியோவை ஐந்து நிமிடம் முன்னால் ஓடவிட்டு மறந்துவிடுங்கள். வெளிச்சம் விழுவதும் அவரவர் முகமும் அதில் வந்துவிடும். ஃப்ளாஷை அணைத்து வையுங்கள், இருட்டில் ஒருவர் மின்னினால் மற்ற இருபது பேரும் திட்டுவார்கள்.

பொண்ணுங்க தனியா வரலாமா?

வரலாம், எங்கள் பட்டியலில் பாதிப் பேர் பெண்கள்தான், நானும் இந்த முறை தனியாகத்தான் வருகிறேன், வீட்டுக்காரர் இடுப்பு வலி என்று நின்றுவிட்டார். உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி எல்லா நாளும் கூடவே இருப்பார். கடைத்தெருவில் பிடித்து இழுக்கிற மாதிரிக் கூப்பிடுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தால் விட்டுவிடுவார்கள். தோளும் முழங்காலும் மூடின பருத்தி உடை வெயிலுக்கும் நல்லது.

2009-ல விட்டது திரும்ப வருதுன்னு சொன்னீங்களாமே. போன கிரகணம் எப்படி திரும்ப வரும்?

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 18 வருஷம், 11 நாள், 8 மணி நேரம் கழித்து சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய அதே நிலைக்குத் திரும்புகின்றன. இதற்கு சாரோஸ் சுழற்சி என்று பெயர். 2009 ஜூலை 22-ல் கூட்டிப் பாருங்கள், 2027 ஆகஸ்ட் 2 வரும். அதே குடும்பம், வேறு ஊர். அந்த மிச்ச 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடுவதால் பாதை மேற்கே தள்ளிப் போய், பீகாரில் விழுந்தது எகிப்தில் விழுகிறது.

இந்தக் குடும்பத்துக்குப் பெரிய பெயர் உண்டு. 1919 மே 29-ல் இதன் முன்னோர் ஒன்றை வைத்துத்தான், சூரியனுக்குப் பக்கத்தில் நட்சத்திர ஒளி வளைகிறது என்று எடிங்டன் என்கிற ஆங்கிலேய வானியலாளரின் குழு அளந்து ஐன்ஸ்டைன் சொன்னதைச் சரி என்றது. 1955 ஜூன் 20-ல் இலங்கை வழியாகப் போனதும் இதே குடும்பம்தான். நான் 2009-ல் மேகத்துக்குக் கொடுத்த மூன்றரை நிமிடத்தை வாங்கத்தான் போகிறேன், வட்டியோடு.

நாங்க வரல. ஊர்ல இருந்தே வல்லதும் தெரியுமா?

தெரியும். அன்று சாயங்காலம் நம் ஊரில் பகுதி கிரகணம், சூரியன் மேற்கே சரிந்த பிறகு ஒரு பக்கம் கடித்த மாதிரி இருக்கும். ஆடிச் சாரல் மேகம் விட்டால் பார்க்கலாம். முழுசாக மூடாததால் கண்ணாடியை ஒரு நொடிகூடக் கழற்றக் கூடாது.

கண்ணாடி கிடைக்காவிட்டால் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று இடியாப்பத் தட்டை வெயிலில் பிடியுங்கள், எதிர்ச் சுவரில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு கடித்த சூரியன் விழும். தட்டைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தால்தான் வடிவம் தெரியும். முந்தின நாளே கழுவி வையுங்கள், பாதி ஓட்டையில் மாவு காய்ந்திருக்கும்.